‘பேக்கு’ என்றால் ‘வேண்டும்’

(உலகத் தாய்மொழி நாளையொட்டி, அதியமான்கோட்டையில் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய கற்பித்தல் முறை எதையும் நான் கொண்டுவரவில்லை. என் வகுப்பறையில் நான் செய்த ஒரு தவறையும், அதிலிருந்து கற்றுக்கொண்ட சில சொற்களையும் மட்டுமே சொல்லப்போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண்குழந்தை சேர்ந்தாள். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் ‘தெரியும்’ என்பது சேர்க்கைப் படிவத்தில் ‘தாய்மொழி’ என்ற கட்டத்தை நிரப்பிய அளவுக்குத்தான்.

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். மதிய உணவு நேரம். சத்துணவு ஆயா சாம்பார் சாதம் போட்டுக்கொண்டே வந்தார். அவள் தட்டு காலியாக இருந்தது. “இன்னும் வேணுமா பாப்பா?” என்று கேட்டார். குழந்தை தட்டை நீட்டி, “பேக்கு” என்றாள்.

வரிசையே சிரித்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் ‘பேக்கு’ என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். விவரம் இல்லாதவரை அப்படிச் சொல்வோம். ஆயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்னையா டீச்சர் பேக்குங்குது?” என்று என்னைப் பார்த்தார். நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “பெரியவங்களை அப்படிச் சொல்லலாமா? எழுந்து நில்” என்றேன். அவள் எழுந்து நின்றாள். கையில் காலித் தட்டு.

இந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது. ஔவை கேட்காமலேயே நெல்லிக்கனியைக் கொடுத்தவன் என்று அதியமானைப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். நான், கேட்ட குழந்தையை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன்.

அதன் பிறகு அவள் இரண்டாம் முறை சோறு கேட்டதே இல்லை. வகுப்பிலும் பேச்சு குறைந்தது. ஒருநாள் மரத்தின் படத்தைக் காட்டி, வேரைத் தொட்டு, “இது என்ன?” என்றேன். மெதுவாக, “பேரு” என்றாள். “உன் பேரைக் கேட்கலைம்மா, இதோட பேரைக் கேட்கிறேன்” என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். பால் படத்துக்கு “ஹாலு” என்றாள். “தப்பு, பால்” என்றேன். அதோடு பேச்சு முழுதாக நின்றுபோனது. நானும் ‘அரும்பு’ நிலை என்று குறித்துவைத்தேன். கற்றலில் பின்தங்கியவள், வகுப்பில் பேசுவதில்லை என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வரி இன்னமும் அதில் இருக்கிறது, நான் அடிக்கவில்லை.

ஒரு வீட்டில் கிடைத்த பாடம்

அரையாண்டு நெருங்கும்போது அவள் நான்கு நாள் தொடர்ந்து வரவில்லை. வீட்டுக்குப் போனேன். பாட்டி களி கிண்டி இறக்கியிருந்தார். பேத்திக்கு ஓர் உருண்டை போட்டு, அவள் தின்று முடித்ததும், “பேக்கா? பேடவா?” என்று கேட்டார். அவள் தட்டை நீட்டி, “பேக்கு” என்றாள். பாட்டி இன்னோர் உருண்டை வைத்தார்.

எனக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அன்று பள்ளியில் நீட்டிய அதே தட்டு, அதே சொல்.

நடந்ததைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “பசிச்சா அப்படித்தானே டீச்சரம்மா கேக்கும். எங்க வீட்ல அதுக்கு வேற வார்த்தை இல்லையே” என்றார். அவ்வளவுதான்.

கொட்டகையில் ஆடுகள் நின்றன. பேச்சை மாற்ற, “எத்தனை குட்டி?” என்று குழந்தையிடம் கேட்டேன். பதில் இல்லை. பாட்டி, “எத்தனை மரின்னு கேளுங்க” என்றார். கேட்டேன். “ஏளு” என்றாள் உடனே. எண்ணிப் பார்த்தேன், ஏழுதான். அதில் எது எந்த ஆட்டின் குட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். ஆறு மாதமாக எண்கள் தெரியாது என்று நான் குறித்துவைத்திருந்த குழந்தை அவள்.

அன்று இரவு ‘மரி’ என்ற சொல் என்னை விடவில்லை. எங்கோ படித்த சொல்லாக இருந்தது. பட்டப்படிப்புக் காலத்துத் தொல்காப்பியத்தை எடுத்துப் பார்த்தேன். மரபியலில் விலங்குகளின் இளமைப் பெயர்கள் வரும் இடம். பறழ், குருளை, கன்று என்ற வரிசையில் ‘மறி’யும் இருக்கிறது. ஆட்டின் குட்டிக்கு உரிய மரபுப் பெயர் மறி. பழைய கன்னடத்திலும் அது வல்லின றகரத்தோடு ‘மறி’தான், பிற்பாடு ‘மரி’ ஆயிற்று. வகுப்பில் சொல்லியிருந்தால் நான் ‘தப்பு’ என்று திருத்தியிருக்கக்கூடிய சொல், தொல்காப்பியத்தில் இருக்கிற சொல்.

வீட்டுச் சொல்லும் பள்ளிச் சொல்லும்

அதன் பிறகு ஒரு நோட்டு போட்டேன். வீட்டுச் சொல் நோட்டு. குழந்தைகள் வீட்டில் சொல்லும் சொல் இடப்பக்கம், பாடநூல் சொல் வலப்பக்கம். ஒரு வாரத்தில் எனக்கே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பித்தது. பலகையில் எழுதுகிறேன், பாருங்கள்.

பால் – ஹாலு
பல் – ஹல்லு
புலி – ஹுலி
புல் – ஹுல்லு
புளி – ஹுளி
பன்றி – ஹந்தி
பத்து – ஹத்து
பசி – ஹசிவு

தமிழில் சொல் ‘ப’வில் தொடங்கினால் கன்னடத்தில் பெரும்பாலும் ‘ஹ’. பழைய கன்னடத்தில் இதுவும் ‘பால்’தான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மாற்றத்தில் பகரம் ஹகரம் ஆயிற்று. அடுத்த வரிசை:

வா – பா
வாய் – பாயி
வேர் – பேரு
விரல் – பெரளு
வாழை – பாளெ
வெல்லம் – பெல்ல
வேண்டா – பேட

இங்கே வரும் ‘ப’வை, ‘பஸ்’ என்று சொல்லும்போது வருகிற ‘ப’ போல ஒலிக்க வேண்டும். நம் எழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது. அதனால்தான் வேரைக் காட்டி அவள் சொன்ன ‘பேரு’ எனக்குப் ‘பெயர்’ என்று கேட்டது. அவள் சரியான விடையைத்தான் சொன்னாள். ‘பேக்கு’ம் இந்த ‘வேண்டு’ குடும்பத்துச் சொல்தான்.

இதற்கு மொழியியல் படிக்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்துப் பேருந்துப் பலகையைப் பார்த்தாலே போதும். ஒகேனக்கல் என்கிறோம். ‘ஹொகெ’ என்றால் கன்னடத்தில் புகை. புகையும் கல். ‘ப’ போய் ‘ஹ’ வந்த அதே கதை. நாம் அந்த ஹகரத்தையும் விட்டுவிட்டு ஒகரமாக்கிக்கொண்டோம். இந்தக் கூட்டத்துக்குச் சிலர் நல்லம்பள்ளியிலிருந்து வந்திருக்கிறீர்கள். பாலக்கோட்டைத் தாண்டினால் மாரண்டஹள்ளி. மாரண்டஅள்ளி என்றும் எழுதுகிறோம். பள்ளி, ஹள்ளி, அள்ளி எல்லாம் ஒரே சொல். இரண்டு மொழிக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த அடையாளம் நம் ஊர்ப்பெயர்களிலேயே இருக்கிறது. ‘பள்ளி’ என்ற சொல் நமக்கு ஊரையும் குறிக்கும், பள்ளிக்கூடத்தையும் குறிக்கும். அந்தக் குழந்தை ஹள்ளியிலிருந்து பள்ளிக்கு வந்தவள். தூரம் ஓர் எழுத்துதான். அதை நான்தான் கடக்க முடியாத தூரமாக்கினேன்.

தெலுங்கு பேசும் வீடுகளும் நம்மிடம் நிறைய. அங்கே பால் ‘பாலு’, புலி ‘புலி’யே. ஆனால் மரம் ‘செட்டு’, வீடு ‘இல்லு’. “வீடு எங்கே?” என்ற கேள்விக்குக் குழந்தை “இல்லு” என்று ஆரம்பித்தால், ‘இல்லை’ என்கிறது என்று நினைத்துவிடுவோம். ‘சொல்’ என்பதற்கு ‘செப்பு’ என்பார்கள். அதுவும் தொல்காப்பியத்தில் இருக்கும் சொல்தான்.

சிட்லிங்கிப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு லம்பாடிக் குழந்தைகளைத் தெரியும். அவர்களின் மொழி வடக்கிலிருந்து வந்தது. இராஜஸ்தானி, குஜராத்திக்கு உறவு. அம்மா ‘யாடி’, தண்ணீர் ‘பாணி’. ரொட்டிக்கு அவர்கள் சொல்லும் சொல் நம் காதில் ‘பாட்டி’ என்றே விழும். அங்கே பகரமும் ஹகரமும் மாறுகிற விதி உதவாது. சொல்லைச் சொல்லாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அதற்கென்று தனி எழுத்தும் வழக்கில் இல்லை. அந்த மொழி இருக்கிற இடம் வீடும் தண்டாவும்தான். பள்ளியில் அதற்கு ஓர் இடம் கிடைக்குமா என்பது ஆசிரியரைப் பொறுத்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காடு. கன்னடம் 2 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. மாநில அளவில் சிறிய எண்தான். ஆனால் எல்லையோர மாவட்டங்களில், ஒரு வகுப்பறைக்குள் பார்த்தால், அது நம் முன் உட்கார்ந்திருக்கிற பாதி வகுப்பாக இருக்கலாம்.

வேறொரு நாட்டில்

என் தவறு எனக்கு மட்டும் உரியதல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் தென்மேற்கில் நவாஹோ என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். ஆடு வளர்ப்பவர்கள், கம்பளம் நெய்பவர்கள். அவர்களுடைய குழந்தைகளை உறைவிடப் பள்ளிகளில் சேர்த்து, தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். வாயில் சோப்பு வைத்துத் தேய்த்தார்கள் என்று அப்படிப் படித்தவர்கள் முதுமையில் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. எதிரிக்குப் புரியாத ஒரு சங்கேத மொழி தேவைப்பட்டது. 1942இல் அதே நவாஹோ இளைஞர்கள் 29 பேரை அமெரிக்கக் கடற்படை வீரர் படையில் சேர்த்தார்கள். சங்கேதச் சொற்களை உருவாக்க அவர்கள் எடுத்துக்கொண்டது அன்றாடச் சொற்களை. நீர்மூழ்கிக் கப்பலுக்கு ‘இரும்பு மீன்’. பீரங்கி வண்டிக்கு ‘ஆமை’. கையெறி குண்டுக்கு ‘உருளைக்கிழங்கு’. சமையலறையிலும் ஆற்றங்கரையிலும் புழங்கிய சொற்கள். அந்தச் சங்கேதத்தை எதிரிகள் உடைக்கவே இல்லை. 1968 வரை அது அரசு இரகசியமாக இருந்தது. 2001இல்தான் அந்த 29 பேருக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தார்கள். அப்போது அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் மிகச் சிலர்.

போருக்குப் பயன்பட்டதால்தான் ஒரு மொழிக்கு மதிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பசித்தால் சோறு கேட்கப் பயன்படுகிறதே, அதுவே போதும். வகுப்பறையில் வாயடைத்த சொற்கள் எவ்வளவு செய்ய வல்லவையாக இருந்தன என்பதைத்தான் சொல்கிறேன். 1966இல் அரிசோனா மாநிலத்தில் ரஃப் ராக் என்ற ஊரில் நவாஹோ மக்களே நடத்தும் பள்ளி ஒன்று தொடங்கியது. அங்கே நவாஹோவும் ஆங்கிலமும் சேர்ந்தே வகுப்பறைக்குள் வந்தன.

அந்த மொழியைப் பற்றிப் படித்தபோது ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. நவாஹோவில் வெறுமனே ‘அம்மா’ என்று சொல்ல முடியாது. ‘ஷிமா’ என்றால் என் அம்மா. யாருடைய அம்மா என்பது சொல்லிலேயே சேர்ந்திருக்க வேண்டும். இது நமக்குப் புதிதா? பழந்தமிழில் யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், தாய் என்றால் அவள் தாய். எந்தை, நுந்தை, தந்தையும் அப்படித்தான்.

இன்னொரு தொடர்பும் உண்டு. நவாஹோ மொழியை ஆராய்ந்த பேரறிஞர் எட்வர்ட் சபீர். அவரிடம் பயின்ற எமனோ, 1930களில் சபீரின் யோசனைப்படி நம் நீலகிரிக்கு வந்து, தோடர், கோத்தர் வீடுகளில் பேசும் சொற்களை ஆண்டுக்கணக்கில் கேட்டு எழுதினார். பிற்பாடு அவரும் பர்ரோவும் சேர்ந்து 1961இல் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார்கள். அதைத் திறந்தால் நம் ‘பால்’ பக்கத்திலேயே கன்னடத்து ‘ஹாலு’வும் தோடர், கோத்தர் சொற்களும் ஒரே பதிவில் உட்கார்ந்திருக்கும். ஒரே பாயில் சாப்பிட உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி. எழுத்தே இல்லாத மொழியானாலும், வீட்டில் பேசும் சொல் ஒன்றுகூடக் ‘குறை’ இல்லை என்பதற்கு அந்த அகராதி சாட்சி.

நாம் என்ன செய்யலாம்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் வழியில் கற்பிப்பதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி நான் வரவில்லை. அந்தக் குழந்தை தமிழைச் சரளமாகப் பேசவும் படிக்கவும் வேண்டும். அதற்குத்தான் நாம் சம்பளம் வாங்குகிறோம். தமிழுக்குள் அவள் நுழைய வேண்டிய வாசல் அவள் வீட்டுச் சொல். அதை நான் சாத்திவிட்டேன் என்பதுதான் என் வருத்தம். நம் அரசமைப்புச் சட்டத்தின் 350அ பிரிவும், சிறுபான்மை மொழி பேசும் குழந்தைகளின் தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கு வசதி செய்யச் சொல்கிறது. அதைப் பெரிய அளவில் செய்வது அரசின் வேலை. சிறிய அளவில் நாளைக் காலையே நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில், பத்துச் சொற்கள். வேண்டும், போதும், தண்ணீர், பசி, வலி, பயம், வெளியே போக வேண்டும், அம்மா, வீடு, தெரியவில்லை. உங்கள் வகுப்பில் பேசப்படும் ஒவ்வொரு வீட்டு மொழியிலும் இந்தப் பத்தையும் பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைக்கு அவசரமாகத் தேவைப்படுகிற சொற்கள் இவை. கன்னடத்தில் ‘போதும்’ என்பதற்குச் ‘சாக்கு’ என்பார்கள். “சாக்கு” என்று சொல்கிற குழந்தை சாக்குப்போக்கு சொல்லவில்லை. ‘நோவு’ என்றால் வலி. அது நமக்கும் தெரிந்த சொல்தான். சத்துணவுப் பணியாளர்களிடமும் இந்தப் பட்டியலைக் கொடுங்கள். அவர்கள்தான் அந்தச் சொற்களை நம்மைவிட அதிகம் கேட்பார்கள்.

இரண்டாவது, ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள். “வீட்டில் ஹாலு, இங்கே பால்” என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் குழந்தைக்கு முதலாவது அடி, இரண்டாவது படி.

மூன்றாவது, வீட்டுச் சொல் பலகை. வாரத்துக்கு ஐந்து சொற்கள். குழந்தைகளே கொண்டுவரட்டும். தமிழ் பேசும் குழந்தைகளுக்கும் இதில் ஆதாயம் உண்டு. ‘மனெ’ என்று ஒருவன் சொன்னால், ‘மனை’ என்ற சொல் பாடநூலில் வரும்போது வகுப்பே சிரமமில்லாமல் பிடித்துக்கொள்ளும். ‘ஹொல’ என்று வயலைச் சொன்னால், ‘புலம்’ புரிந்துவிடும்.

நான்காவது, ஒரு குழந்தையின் நிலையைக் குறிக்கும் முன், அதன் வீட்டு மொழியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையோ மூன்றாம் வகுப்புப் படிக்கும் அண்ணனையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லா மௌனத்துக்கும் மொழிதான் காரணம் என்று சொல்லவில்லை. காது கேளாமை இருக்கலாம், உடல்நலம் இருக்கலாம், வீட்டுச் சூழல் இருக்கலாம். அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மொழியைப் பார்க்காமல் மற்றவற்றுக்குப் போகாதீர்கள்.

பிறகு

அந்தக் குழந்தை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்பும், “பேக்குன்னா வேணும்னு அர்த்தம். எனக்குத் தெரியாம திட்டிட்டேன்” என்று சொன்னேன். ஆயாவிடமும் சொன்னேன். அவர் பாவம், “அடக் கடவுளே, சோறா கேட்டுச்சு?” என்று வாயில் கைவைத்துக்கொண்டார்.

மதியம் நானே கரண்டியை வாங்கிக்கொண்டு போய் அவள் முன் நின்று, “பேக்கா?” என்றேன். என்னையே பார்த்தாள். பதில் இல்லை. மறுநாளும் கேட்டேன், இல்லை. ஆறு மாதத்தில் நான் பூட்டியது இரண்டு நாளில் திறக்குமா? மூன்றாம் நாள் ஒன்றும் பேசாமல் தட்டை மட்டும் நீட்டினாள். வகுப்பில் வாய் திறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்கு அடுத்த கல்வியாண்டில் ஒருநாள், சாப்பாட்டு வரிசையில், நல்ல தமிழில், “இன்னும் கொஞ்சம் வேணும் டீச்சர்” என்றாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு அது சாதாரண வாக்கியம். நான் மட்டும் கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

இன்று ஊருக்குத் திரும்பியதும் உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டை ஒருமுறை பாருங்கள். பேசாத குழந்தை என்று நீங்கள் நினைக்கிற ஒரு பெயர் அதில் இருக்கும். அதன் வீட்டில் ‘வேண்டும்’ என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தச் சொல்லை எங்களுக்கும் சொல்லுங்கள். என் நோட்டில் இன்னும் பக்கங்கள் மீதமிருக்கின்றன.